மாடிப்படிக்கு அடியில் ஒரு மருந்து!

"டாக்டர்... பிரான்ஸ்ல எழுபது வயசுப் பாட்டி சைக்கிள்ல போகுது! என் கண்ணால பார்த்தேன்!"

எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வயது 61. மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் மதுரைக்குத் திரும்பியிருந்தார். செல்போனை நீட்டி ஒவ்வொரு படமாகக் காட்டினார். லுவார் என்று ஓர் ஆறு. அந்த ஆற்றை ஒட்டியே சைக்கிளுக்கென்று ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு வழி அமைத்திருக்கிறார்கள். இருபக்கமும் திராட்சைத் தோட்டம், பழைய கோட்டை, அரண்மனை. அந்த வழியில் குடும்பம் குடும்பமாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாமல், சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

"நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா டாக்டர்? எனக்கு முட்டியும் முடிஞ்சு போச்சு. வாக்கிங்கையும் விட்டாச்சு. சர்க்கரை 180ல நிக்குது. இனி மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போக வேண்டியதுதான்..."

நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். "ஏன் சார் நடக்காது? மெதுவா சைக்கிள் ஓட்டுங்க. முட்டிக்கு நடையைவிட நல்லது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஓட்டுறீங்களா டாக்டர்?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் வாடகை சைக்கிளிலேயே தாமிரபரணிக் கரை முழுக்கச் சுற்றியவன் நான். ஆனால் ஊர் திரும்பி கிளினிக் வைத்து, ஸ்கூட்டர் வாங்கி, பிறகு காரும் வாங்கிய பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் "நடங்க, நடங்க" என்று சொன்ன எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. 5.7 தாண்டினாலே எச்சரிக்கை, 6.5 வந்தால் நீரிழிவு. அதாவது, நானும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன். சென்னைக்கு வேலைக்குப் போன மகனின் சைக்கிள் தூசி படிந்து கிடந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று இப்படிக் கிடக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முட்டி வலிக்காரருக்கு சைக்கிளா?

"வலிக்கிற முட்டியை இன்னும் தேய்க்கச் சொல்றீங்களே?" என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்கிறேன்.

சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நம் முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மாடிப்படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் சைக்கிளில் நம் எடையின் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. மெதுவாக மிதிக்கும்போது முட்டிக்குப் போவது ஏறக்குறைய ஒரு மடங்குதான்.

இன்னொன்று. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டில் ஊறும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். மூட்டு மடங்கி நீளும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். ஆட்டாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு! எங்கள் மருத்துவத்தில் இந்த நோயை 'அழல் கீல்வாயு' என்போம். எண்ணெய் தேய்ப்பது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் சரி. தொடைத் தசைக்கு வலு ஏறாமல் முட்டிக்கு விடிவு இல்லை. அந்தத் தொடையைத்தான் சைக்கிள் கட்டி வளர்க்கிறது.

சர்க்கரைக்கும் இதே கணக்குதான். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இழுத்துக்கொள்கின்றன. அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் நிற்கும். அதனால் சேர்ந்தாற்போல இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், அரை அரை மணி நேரம். கணக்கு சரியாகிவிட்டது!

முதல் வாரமே சறுக்கல்

ஆனால் கணக்கு தெரிந்தவனுக்கே முதல் வாரம் கோளாறானது. அதையும் சொல்ல வேண்டும்.

டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வங்கி சாரும் நானும் கிளம்பினோம். கால் தரையில் படும்படி இரண்டு பேரும் சீட்டைத் தாழ்வாக இறக்கி வைத்துக்கொண்டோம். விழுந்துவிடுவோம் என்ற பயம்தான். மூன்றாம் நாள் அவருக்கு முட்டியின் முன்பக்கம் வீங்கிவிட்டது. "நான் சொன்னேன்ல டாக்டர்... எனக்கு இது விதிச்சதில்லை" என்று போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. நல்லது செய்யப் போய் ஒருவருக்கு வலியைக் கூட்டிவிட்டோமே என்று எனக்கும் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

கண்ணைத் திறந்தவர் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். "டாக்டரய்யா, சின்னப் பையன் சைக்கிளை ஓட்டுற மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே! சீட்டை ஏத்துங்கய்யா" என்றார்.

அவர் சொன்ன வழி இது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தால் மிதிப்போம் இல்லையா, அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்தால் முட்டி ரொம்ப மடங்கி, சிப்பி எலும்பு அழுந்தும். சீட் அளவுக்கு மீறி உயர்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். முட்டிக்குப் பின்னால் இழுக்கும். பயமாக இருந்தால் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரத்துக்கு அரை அங்குலம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கியர். கியர் வண்டி என்றால் லேசான கியரிலேயே வையுங்கள். அழுத்தி மிதிப்பது முட்டிக்கு ஆகாது. நிமிடத்துக்கு 60 சுற்று, காற்றில் கால் ஓடுகிற மாதிரி சுற்ற வேண்டும். கியர் இல்லாத பழைய வண்டியா? கவலையே வேண்டாம். மதுரையைச் சுற்றி மேடு பள்ளம் குறைவு. ஒற்றை கியர் தாராளமாகப் போதும்.

பத்து நாள் கழித்து வங்கி சாரை மறுபடி சைக்கிளில் ஏற்றினேன். தெருவுக்குள்ளேயே பத்து நிமிடம். அடுத்த வாரம் இருபது நிமிடம். இந்த முறை வீக்கம் வரவில்லை.

பார்க்கப் போகிறவன் விடமாட்டான்!

என் அனுபவத்தில் உடற்பயிற்சியை ஆரம்பிப்பவர்களில் பலரும் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். காரணம் சோம்பல் மட்டும் இல்லை. ஒரே பூங்காவை ஒன்பது தடவை சுற்றினால் யாருக்குத்தான் சலிக்காது? எவ்வளவு உயர்ந்த மருந்தானாலும் வாய்க்குப் பிடித்தால்தானே தொடர்ந்து உள்ளே போகும்? அதற்குத்தானே தேனைத் துணைமருந்தாகச் சேர்க்கிறோம்! சைக்கிளுக்குத் துணைமருந்து, போய்ப் பார்க்க ஓர் இடம். பிரான்ஸ்காரனுக்குக் கோட்டை என்றால், நமக்குக் குன்றுகள் இருக்கின்றனவே!

மதுரையைச் சுற்றி வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே எழுந்து நிற்கும் மலைகளில் இரண்டாயிரம் வருஷ சரித்திரம் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளை ஊரார் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். சமணத்தில் உணவு, கல்வி, அடைக்கலம் இவற்றோடு மருந்து கொடுப்பதும் பெரிய தானம். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போது என்னைப் போன்ற வைத்தியனுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கத்தான் செய்கிறது.

*கீழக்குயில்குடி:* முதலில் இங்கே போங்கள். நகரின் மையத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தெற்கே பிரிந்தால் போக்குவரத்து குறைந்துவிடும். சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையில் பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு என்று இரண்டு இடங்கள். கி.பி. 9, 10-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். செட்டிப்புடவுக் குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்து யானை வீரனோடு போரிடும் இயக்கியைப் பாருங்கள். என்ன வேகம்!

*யானைமலை:* வடகிழக்கே ஒத்தக்கடையிலிருந்து பிரிந்தால் நரசிங்கம். மலையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் கி.பி. 770-ல் உருவானது. கட்டத் தொடங்கியவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி. கல்வெட்டு அவரை 'வைத்தியன்' என்றே குறிப்பிடுகிறது. அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் பணியை முடித்தார். இன்னும் தெம்பு இருந்தால் ஒத்தக்கடையிலிருந்து திருமோகூர் போய்க் காளமேகப் பெருமாளைச் சேவித்து வரலாம். அதே வழியில் மேலே போனால் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். வயலும் கண்மாயுமாக வழி முழுக்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி.

*கீழடி:* தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. தென்னந்தோப்புக்கு நடுவே 2015-ல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் கட்டடங்களும், தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றை வைத்து 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று. இந்த வழியில் வேகமாக வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையைத் தவிர்க்க முடியாது. கை நன்றாகப் பழகிய பிறகு, கூட்டாகப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் பஸ்ஸே மேல்.

*அரிட்டாபட்டி:* மேலூர் சாலையிலிருந்து உள்ளே பிரிய வேண்டும். மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். ஆறு மாதமாவது பழகியவர்களுக்கு மட்டும். மலையைக் குடைந்த சிவன் கோயில், தமிழிக் கல்வெட்டு, சுனைகள், பருந்து வகைகள்... 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இதை அறிவித்தார்கள். 2024-ல் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்ற செய்தி கேட்டு ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. மலை இருந்தால்தானே சுனை, சுனை இருந்தால்தானே கண்மாய்!

எப்போது, எப்படி?

மார்கழியிலிருந்து மாசி வரை இதற்கு ஏற்ற காலம். கோடையில் விடியற்காலை கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஆனி, ஆடியில் காற்று எதிர்த்து நிற்கும். அப்போது காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புகிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுங்கள். களைத்த காலுக்கு அது பெரிய உபகாரம்.

வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் போதும். ஐம்பது வயதில் யாரோடும் பந்தயம் வேண்டாம்.

தாகம் எடுக்கும் முன்பே கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். திரும்பி வந்ததும் நீர்மோர். ரத்தக் கொதிப்புக்காரர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காரர்களுக்குப் பானகம் வேண்டாம். "இவ்வளவு தூரம் மிதிச்சோமே" என்று விளக்குத்தூணில் இறங்கி ஜிகர்தண்டா குடித்தால் கரைத்ததை அங்கேயே திருப்பி வாங்கிவிடுவீர்கள்! ஒரு மணி நேர மிதமான சைக்கிளுக்குச் செலவாவது சுமார் 250, 300 கலோரிதான்.

தலைக்கவசம் கட்டாயம். கருக்கலில் கிளம்பினால் முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். கிராமத்துச் சாலையோரம் சீமைக் கருவேல முள் இருக்கும், நெருஞ்சியும் இருக்கும். நெருஞ்சி நீரடைப்புக்கு நல்ல மூலிகை. டியூபுக்குப் பரம எதிரி! வேலியில் படர்ந்திருக்கும் முடக்கத்தானை அடையாளம் தெரிந்தவர்கள் பறித்து வந்து தோசை மாவில் அரைத்துச் சேர்க்கலாம். தெரியாத இலையைப் பறிக்கவே கூடாது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சைக்கிளுக்கு விடுமுறை. அன்று வெயிலும் உழைப்பும் கூடாது என்பது எங்கள் முறை. முட்டியில் லேசான வலி இருந்தால் உளுந்து தைலத்தை இளஞ்சூடாகத் தடவி, அரை மணி கழித்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வீக்கமும் சூடும் இருந்தால் ஒத்தடம் வேண்டாம். ஓய்வு எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

யார் கேட்டுவிட்டு ஏற வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, அடிக்கடி தலைசுற்றல், வலிப்பு உள்ளவர்கள், சர்க்கரையால் கண்ணில் ரத்தக் கசிவு வந்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சைக்கிளைத் தொட வேண்டாம். மூலம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போகிற மாதிரி இருந்தால் சீட்டின் மூக்கைச் சற்றுக் கீழே சாய்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மிதியுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வழியில் சர்க்கரை இறங்கிவிடலாம். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இறங்கி மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ, தாடையிலும் இடது கையிலும் வலியோ வந்தால் கஷாயம், சுக்குத் தண்ணீர் என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த மருத்துவனே சொல்கிறேன்!

இதைப் படித்துவிட்டு "சைக்கிள் ஓட்டுறேன், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. மாத்திரையைக் குறைப்பது எழுதிக் கொடுத்தவரின் வேலை.

"நானும் வரட்டுமாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என் மனைவி கேட்டார். "ஏங்க, நானும் வரட்டுமா? காலேஜ் முடிச்ச பிறகு தொட்டதே இல்லை..." தெருவில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் அவர் குரலில். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. சேலையோடு ஓட்டினார்கள், பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். அவர்கள் உடைத்த கூச்சத்தை நாம் ஏன் மறுபடி ஒட்டவைக்க வேண்டும்? குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், செயின் கவர் இரண்டும் இருந்தால் சேலையும் தடை இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு வார்த்தை. தொடைக்கு இது நல்லது. ஆனால் எலும்பு உறுதிக்கு சைக்கிள் மட்டும் போதாது. காலில் பாரம் விழ வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நடையும் சேரட்டும்.

எட்டு மாதம் ஆகிறது. என் சராசரிச் சர்க்கரை 6.1-லிருந்து 5.8. சைக்கிள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கினேன். வங்கி சாருக்கு அவருடைய டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். முட்டித் தேய்மானம் போய்விடவில்லை, அது போகாது. ஆனால் போன மாதம் கீழக்குயில்குடியில் செட்டிப்புடவுப் படிகளை, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, அவரே ஏறினார். மேலே நின்று மதுரைப் பக்கம் பார்த்தவர் செல்போனை எடுத்து மகளுக்கு ஒரு படம் அனுப்பினார்.

"என்ன சார் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"இங்கேயும் நடக்கும்னு எழுதினேன் டாக்டர்!"

இன்றைக்கே மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். முதலில் தூசி தட்டுங்கள். அப்புறம் சீட்டை ஏற்றுங்கள்!